கணபதியில் ஆயிரம் லேத்து

நான் முனைவர் பட்டம் வாங்கியவள். பீற்றிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் இதிலிருந்துதான் தொடங்கும் என்பதால் நானும் இங்கிருந்தே தொடங்குகிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம்கூட அப்பா, "மெதுவா உருட்டுங், உள்ள டாக்டரு இருக்குது" என்பார். யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று நினைத்து அந்த மனிதர் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நடப்பார்.

என் படிப்பு இயற்பியல். எக்ஸ்ரே கதிர்களைப் படிகங்களின் மேல் பாய்ச்சி, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று ஆறு வருடம் பார்த்தேன். என் ஆய்வேட்டை மொத்தம் நாலு பேர் படித்தார்கள். என் நெறியாளர், வெளியூர்த் தேர்வாளர்கள் இரண்டு பேர், காந்திபுரத்தில் டைப் அடித்துக் கொடுத்தவர். அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் டைப் அடித்தவர் மட்டும்தான்.

இப்போது நான் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எக்ஸ்ரே திரையில் பார்த்து அனுப்பும் வேலையில் இருக்கிறேன். கதிர் அதே கதிர்தான். படிகத்துக்குப் பதிலாக முறுக்கு. பிளஸ் டூவோடு ஒரு டிகிரி இருந்தால் போதும் என்கிற வேலை இது. மீதி இருந்த டிகிரிகளை என்ன செய்வதென்று தெரியாமல் நேர்முகத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். கோப்பைப் புரட்டிய அதிகாரி ஒவ்வொரு பக்கத்துக்கும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இவ்வளவு படிச்சுட்டு எதுக்கும்மா இங்க?"

"எக்ஸ்ரே பழக்கம் இருக்குதுங்க சார்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் வேலை கொடுத்துவிட்டார்.

இதற்கு முன் இரண்டு வருடம் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்தேன். பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம். பெயர் வேண்டாம். பாடம் நடத்தச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன், நடத்தவும் சொன்னார்கள். ஆனால் கோடை பிறந்துவிட்டால் எல்லா வாத்தியார்களும் ஆள் பிடிக்கப் போக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலை விலாசத்தோடு கையில் கொடுத்து வேனில் ஏற்றி விடுவார்கள். ஆளுக்கு இத்தனை பிள்ளைகளைச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காதவர்களின் சம்பளம் அலுவலகத்துக்கு மறந்துபோகும்.

ஆனைமலைப் பக்கம் ஒரு வீட்டில், நார் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டே கேட்டார்: "படிச்சு முடிச்சா வேலை கெடைக்குமுங்களா, டீச்சர்?" ஆறு வருடமாக ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் பிழை எவ்வளவு இருக்கலாம் என்று எழுதிப் பழகியவள் நான். "நூத்துக்கு நூறு கெடைக்குமுங்க" என்றேன். அவர் மகளைச் சேர்த்துவிட்டார். அந்தப் பெண் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அந்தக் கல்லூரிக்குள் ஆள் எடுக்க எந்தக் கம்பெனியும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. நான் நல்லவள் என்பதால் வேலையை விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் பெஞ்சைப் பார்க்காமலே பாடம் நடத்தி நடத்தி எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

விமான நிலையத்தில் சம்பளம் அதைவிடக் குறைவு. ஆனால் ஒன்றாம் தேதி வந்துவிடும். திரையில் இரும்பு நீலமாகத் தெரியும், தின்பண்டமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். எங்கள் ஊர்ப் பெட்டிகள் பெரும்பாலும் முழு ஆரஞ்சு. பருப்புப் பொடி, நெய், எள்ளுருண்டை, மகள் பிரசவத்துக்கு அரைத்த மருந்துப் பொடி, கடலை மிட்டாய். நடுவில் நீலமாக ஒரு இட்லித் தட்டு. அமெரிக்காவில் எஃகே கிடைக்காது என்று எங்கள் அம்மாமார்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒருவரை இருபது நிமிடத்துக்கு மேல் திரையின் முன்னால் உட்கார விடமாட்டார்கள். கண் சலித்துவிடும் என்று ஆளை மாற்றிவிடுவார்கள். என் கண் சலிக்குமே என்று என் வாழ்க்கையில் கவலைப்பட்ட முதல் நிறுவனம் இதுதான். இன்னொன்றும் உண்டு. நாம் முழித்துக்கொண்டிருக்கிறோமா என்று பார்க்க, இயந்திரமே அவ்வப்போது யாரோ ஒருவரின் பெட்டிக்குள் ஒரு பொய்த் துப்பாக்கியின் படத்தைச் சொருகிவிடும். பார்த்தவுடன் பொத்தானை அழுத்தினால், சரியாகக் கண்டுபிடித்தீர்கள் என்று திரையில் எழுத்து வரும். முதல் தடவை அது வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த தோழி பதறிப்போய், "என்னக்கா, நிஜத் துப்பாக்கியா?" என்று கேட்டாள்.

அவள் கோட்டைமேட்டுக்காரி. வீட்டில் பரம்பரையாக ஜவுளி வியாபாரம். அவள் எம்.காம். முடித்து, அது போதாதென்று சட்டமும் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். "கோர்ட்டுல மூணு வருஷம் சீனியருக்குப் பின்னால பை தூக்குனேங்க்கா. இங்க மத்தவங்க பை அதுவே நகந்து வருது," என்பாள். எங்கள் ஷிப்டில் விமானப் பொறியியலில் எம்.இ. படித்த ஒருவரும் இருந்தார். விமானம் செய்யப் படித்தவர், அதில் ஏறும் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். எங்கள் டிகிரிகளை எல்லாம் சேர்த்தால் ஒரு சிறிய கல்லூரியே நடத்தலாம், ஆனால் ஆள் பிடிக்க எங்களில் யாரும் போக மாட்டோம்.

எனக்கு இந்த வேலையில் பிடித்தது ஒன்றுதான். பெட்டியில் இருப்பதை இருக்கிறது என்று சொல்ல வேண்டும், இல்லாததை இல்லை என்று சொல்ல வேண்டும். ஷிப்ட் முழுக்க ஒரு பொய்கூடச் சொல்லாமல் வீட்டுக்குப் போகலாம். இந்தச் சொகுசுக்காகச் சம்பளத்தில் பாதியை விட்டவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு திமிரே இருந்தது.

அப்பாவுக்கு இது ஒன்றும் புரியவில்லை. அவருக்கு, நாங்கள் குடியிருக்கும் கணபதியிலேயே ஒரு லேத் பட்டறை. பம்புக்கு ஷாப்ட் கடைந்து கொடுப்பார். எட்டாவது வரை படித்தவர். அவர் உலகத்தில் செக்யூரிட்டி என்றால் அபார்ட்மென்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். நான் வேலையில் சேர்ந்த முதல் மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேச ஆரம்பித்தார், ஆனால் என்னிடம் இல்லை, ஊரிடம்.

முதலில் "ஏர்போர்ட்டுல வேலைங்" என்றார். அது உண்மை. ஒரு மாதத்தில் அது "ஏர்போர்ட்டுல ஆபீசருங்" ஆனது. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களிடம், "எக்ஸ்ரேயில டாக்டரேட்டு பண்ணீருக்குதல்லங், அதனால ஏர்போர்ட்டுல ஆராய்ச்சிக்கு எடுத்துட்டாங்" என்றார். அந்தக் கதை பட்டறைக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், டெல்லியிலிருந்து போன் போட்டு என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

"யூனிபாரத்தோட டவுன் பஸ் ஏறாத கண்ணு. பையில வெச்சு எடுத்துட்டுப் போயி அங்க மாத்திக்க," என்றார் என்னிடம். நான் சுடிதாரில் போய் அங்கே மாற்றிக்கொண்டேன். பொய் அவருடையது, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மட்டும் ஒருநாள் என் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "இத்தனை கஷ்டப்பட்டு மறைக்கறதுக்கு, நீ ஏதாச்சும் திருட்டு வேலையாச்சும் பண்ணீருக்கலாம்," என்றாள்.

இந்த நேரத்தில்தான் அண்ணனுக்குச் சம்பந்தம் அமைந்தது. அண்ணன் ஐதராபாத்தில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான். முப்பத்தைந்து வயது. எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் அப்பாக்கள் கல்யாண மண்டபங்களில் பந்திக்குப் பந்தி விசாரித்துக்கொண்டு அலையும் காலம் இது. ஏழு வருடமாகத் தேடி, பதினோரு இடத்தில் தட்டிப்போய், கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண் பொருந்திவந்தது. எம்.சி.ஏ. படித்த பெண். அண்ணனோடு போனில் பேசியிருக்கிறது. பேசி முடித்த அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நான் சொன்ன ஜோக்குக்குச் சிரிச்சுதுடா," என்றான். முப்பத்தைந்து வருடத்தில் அவன் ஜோக்குக்கு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

தோப்புக்காரர் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்துபோனார். அன்று எனக்கு ஷிப்ட். கூடத்தில் மாட்டியிருந்த பட்டமளிப்பு விழாப் படத்தைக் காட்டி அப்பா ஆராய்ச்சிக் கதையை முழுவதும் சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தில் அங்கியும் தொப்பியுமாக இருப்பது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். வீட்டில் மற்றவர்கள் பெண் பார்க்கப் போன அன்றும் எனக்கு ஷிப்ட் விழுந்தது. விழுந்தது என்ன, அப்பா கேட்டுக்கொண்டதால் நானே போட்டுக்கொண்டேன். ஆக, அவர் என்னை நேரில் பார்த்ததே இல்லை.

எல்லாம் கூடிவரும்போது தோப்புக்காரர் ஒரு விருப்பம் சொன்னார். பையன் இருக்கும் இடத்தை நேரில் ஒருதரம் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பெண்ணைக் கொடுப்பதற்கு முன் குடியிருக்கும் வீட்டையும் தண்ணீர் வசதியையும் பார்க்காமல் யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். அவர் விமானத்தில் போனதே இல்லை. அப்பாவும் போனதில்லை. இரண்டு பேரும் ஒட்டுக்காகப் போய்வருவதென்று முடிவானது.

அன்று மாலை அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மணி, அன்னிக்கு மட்டும் நீ அங்க இருக்காத சாமி. உங்கண்ணன் கல்யாணம் முடியட்டும். அப்பறமேட்டுக்கு நானே பக்குவமாச் சொல்லிப்போடறேன்."

அவர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவர்களுடைய விமானம் பிற்பகல் மூன்றரைக்கு. எனக்கு அன்று மாலை ஷிப்ட். ஜோடியாகத்தான் மாற்றித் தருவார்கள் என்பதால், காரணம் சொல்லாமலே தோழியிடம் கெஞ்சி இரண்டு பேருமாகக் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டோம். ஒரு மணிக்கு முடிந்துவிடும். அவர்கள் வருவதற்குள் நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

நாங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். தோப்புக்காரர் வாழ்நாள் முழுக்கப் பேருந்தில் போனவர். முதலில் போனால்தான் ஜன்னல் சீட்டு என்று பழகியவர். மூன்றரை மணி விமானத்துக்கு அவர் காலை பத்தரைக்கு அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கவுன்டர் திறக்கும் வரை வரிசையில் முதல் ஆளாக நின்றிருக்கிறார். பின்னால் ஆள் யாரும் இல்லாத வரிசையில்.

பன்னிரண்டரை தாண்டியிருக்கும். நான் திரையின் முன்னால் இருந்தேன். ஒரு பெட்டி வந்தது. உள்ளே துணிகளுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் அரை வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, ஏறக்குறைய முப்பது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, கொப்பரை. காய்ந்த தேங்காயில் எண்ணெய் அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் அதற்கு அனுமதி கிடையாது. பொள்ளாச்சிக்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எங்களுக்குத் தொண்டை கட்டும். பெல்ட்டை நிறுத்திவிட்டு, யாருடைய பெட்டி என்று நிமிர்ந்து பார்த்தேன்.

கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரிப் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். பக்கத்தில் உயரமாக, நரைத்த மீசையோடு ஒருவர் தன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ போய்த் தொறந்து பாரு," என்றேன் தோழியிடம்.

"உங்க இருபது நிமிஷம் முடிஞ்சுதுங்க்கா. இப்ப ஸ்கிரீன் என்னோடது. எந்திரிங்க," என்றாள் அவள். அவளுக்கு எதுவும் தெரியாது. விதி விதிதானே, எழுந்து போனேன்.

"ஐயா, இந்தப் பெட்டியக் கொஞ்சம் தொறந்து காட்டோணுங்க."

"அதுக்கென்னங் அம்மணி, தொறந்துட்டாப் போச்சு," என்று தோப்புக்காரர் குனிந்து திறந்தார். வெள்ளை வேட்டியில் மூட்டையாகக் கட்டிய கொப்பரை. "எங்க தோப்புதுங். மாப்பளைக்கு. அங்கெல்லாம் நல்ல எண்ணெய் எங்கீங் கெடைக்குது?"

"கொப்பரை ஏத்த விடமாட்டாங்கய்யா. தீப் புடிச்சுக்குமுங்க."

"தேங்காயாங்?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நாப்பது வருசமா இதுக்கு நடுவுலதானுங் கட்டல் போட்டுத் தூங்கறேன்."

"உங்க தோப்பு பறக்கறதில்லீங்களேய்யா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அண்ணன் கொடுத்துவைத்தவன் என்றுகூட நினைத்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவர் மேலே கூரையில் இருந்த விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோப்புக்காரர் மூட்டையை வெளியே எடுத்துக்கொண்டே கேட்டார். "எந்த ஊருங் அம்மணி?"

"கணபதிங்க."

"அட! யாரு ஊட்டுப் புள்ளைங்?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குத் தப்பிக்க முடியாது. பேரைக் கேட்கிறார்களோ இல்லையோ, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிடுவார்கள். பதில் சொல்லாவிட்டால் மரியாதை தெரியாதவள் என்றாகிவிடும். "அப்பா லேத்து வெச்சிருக்காருங்க," என்றேன். அதுவரை பொய் இல்லை.

அவர் மலர்ந்துபோய் அப்பா பக்கம் திரும்பினார். "ஏனுங் சம்பந்தி, உங்கூருப் புள்ளைங்! லேத்துக்காரரு ஊடாமா. உங்குளுக்குத் தெரியாமயாங் இருக்கும்?"

அப்பா விளக்குகளிலிருந்து இறங்கி என்னைப் பார்த்தார். முழுதாகப் பார்த்தார். சட்டைப் பொத்தான், பெல்ட், ஷூ வரைக்கும். என்னைச் சீருடையில் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"தெரியலீங்," என்றார். "கணபதில ஆயிரம் லேத்து இருக்குதுங்."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஆயிரம் என்று கணக்குச் சொன்னாரே என்று. அதற்குப் பிறகு வந்ததைக் கோபம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு வருடம் நான் படித்தபோது தினமும் பட்டறையிலிருந்து வந்து கிரீஸ் கையோடு சாப்பாட்டுக் கேரியரை ஆய்வகத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்த மனிதர் அவர். வலித்தது. ரொம்பவே வலித்தது.

"ஆமாங்க, நெறையா இருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு, பொருளை விட்டுச் செல்வதற்கான பதிவேட்டைத் திறந்து, தோப்புக்காரரிடம் பேனாவை நீட்டினேன்.

அவர் கையெழுத்துப் போடக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அவர் முகத்துக்கு நேராக இருந்தது. எங்கள் ஊரில் நாங்கள் அப்பா பெயரை ஒரு எழுத்தோடு முடித்துக்கொள்வோம். இந்த அட்டைக்கு அது போதாது. என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் பெயரை முழுதாக, கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் அப்பாவின் பெயர் ஊரில் நாலு பேருக்கு வைக்கிற பெயரும் இல்லை. தோப்புக்காரர் உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

"நீ சாப்புட்டியா கண்ணு?" என்று என்னிடம் கேட்டார். "இன்னும் இல்லீங்க," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடினார். முப்பது கொப்பரையும், விட்டுச் செல்லும் பொருள்களைப் போடும் தொட்டியில் விழும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் படித்ததை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லாமல் விட்டேன். நாலு நாளும் ஐதராபாத்திலிருந்து நல்ல சேதியாகவே வந்தது. அண்ணன் வீட்டில் தண்ணீர் உப்பாக இல்லை, மாடிப்படி அகலம், பக்கத்திலேயே தமிழ்க் கடை. திரும்பிவந்த அப்பா நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் காலண்டரை எடுத்துக் கொடுத்தார். விமான நிலையத்தைப் பற்றி என்னிடம் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோப்புக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். எனக்கு அன்று விடுமுறை. அப்பா என்னைப் பார்த்து உள்ளே போகும்படிக் கண்ணைக் காட்டினார். நானும் திரும்பினேன்.

"நீயும் ஒக்காரு கண்ணு," என்றார் தோப்புக்காரர்.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் தோப்புக்காரர் அண்ணனைப் பற்றியே பேசினார். தங்கமான பையன், வீடு அடக்கம், சமைக்கக்கூடத் தெரிகிறது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா இது வேண்டாமுங்க," என்றார்.

"புள்ளை செக்யூரிட்டி வேலைக்குப் போகுதுன்னுங்களா?" அப்பா பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "நாளைக்கே விட்டுப்போடச் சொல்லீர்றனுங். ஒரே வார்த்தைங்."

"வேலையில என்னங் இருக்குது? முப்பது கொப்பரையப் புடுங்கிக்கிட்டாலும் மொகங்கோணாமப் பேசுச்சுங். நல்ல வேலைதானுங்," என்றார் அவர். "பெத்த புள்ளைய எதுக்க வெச்சுட்டுத் தெரியலீங்கன்னீங்க பாருங். நாளைக்கு எம்புள்ளை இந்த ஊட்டுக்கு வருது. அதுக்கு நல்லது பொல்லாதது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, நாலு பேருக்கு முன்னால அதையுந் தெரியலீங்கன்னு சொல்லீருவீங்க. எனக்கு அந்தப் பயம் வந்துபோச்சுங்."

வார்த்தைக்கு வார்த்தை மரியாதை போட்டு, அத்தனை மெதுவாகச் சொன்னதால் அப்பா முதலில் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில்தான் தலை நின்றது. எனக்கு, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அண்ணனின் கல்யாணம் முறிந்துகொண்டிருக்கிறது, நான் ஜெயித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தோப்புக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீயுந்தான் கண்ணு. உங்கப்பனுக்குப் பயம், சொல்லிப்போட்டாரு. செரி. நீ எதுக்கு ஆமாங்கன்னு சொல்லிட்டுப் பேனாவ நீட்டுனே? 'இவருதானுங் எங்கப்பா'ன்னு ஒரு வார்த்தை சொல்லீருந்தா, நானுஞ் சிரிச்சுட்டுப் பிளேன் ஏறீருப்பேன். உங்கண்ணன் கல்யாணம் நின்னிருக்காது."

பொய் சொல்ல வேண்டாம் என்று ஒரு வேலையை விட்டு, சம்பளத்தை விட்டு, அதையே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவர் எழுந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

அவருடைய செருப்புச் சத்தம் தெருவில் அடங்குவதற்குள் அண்ணன் கூப்பிட்டான். அந்தப் பெண் அவனிடம் சொல்லிவிட்டிருக்க வேண்டும். போன் என் கையில் இருந்தது.

"என்னடா ஆச்சு? வேண்டாம்னுட்டாங்களாம். எதனால?"

அவன் குரல் உடைந்திருந்தது. எதிரில் அப்பா கையை ஆட்டினார். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, ஜாதகம் சேரலைன்னு சொல்லு, ஜாதகம், ஜாதகம், என்றார். எங்கள் வீடுகளில் தட்டிப்போகும் எல்லாச் சம்பந்தமும் ஜாதகத்தால்தான் தட்டிப்போகும். கிரகங்கள் வந்து மறுக்கப்போவதில்லை.

"அப்பா என்னையத் தெரியாதுன்னாரு. நானும் அப்பாவத் தெரியாதுன்னுட்டேன். அவரு அதைப் பாத்துட்டாரு. அதனாலண்ணா," என்றேன்.

அப்பாவின் கை கீழே இறங்கியது. எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். கிரகங்களை அவரே கூப்பிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தங்கச்சி சொல்றது நெசந்தான் சாமி," என்றார். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் போனைத் திரும்ப என்னிடமே கொடுத்துவிட்டார்.